சித்தப்பாவின் கை ஆடிய இடம்

நம்ம வயசுக்காரர்களுக்கெல்லாம் இப்போது ஒரே வைத்தியம்தான். எந்த டாக்டரிடம் போனாலும், பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றும்போதே "டென்ஷன் ஆகாம இருங்க" என்கிறார். அவர் சொன்ன உடனே நமக்கு டென்ஷன் ஏறுகிறது. பட்டை அதையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது. போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு பையனை வரவழைத்து, எங்களை எல்லாம் உட்காரவைத்து, நெருக்கடியில் பதறாமல் வேலை செய்வது எப்படி என்று வகுப்பு எடுத்தார்கள். என் மகன் வயசுதான் இருக்கும். கண்ணை மூடி மூச்சை மெதுவாக இழுக்கச் சொன்னான். பக்கத்து நாற்காலி அம்மாள் இழுத்த மூச்சோடு தூங்கிப்போனார். நான் தூங்கவில்லை, சித்தப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையனிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்று இருந்தேன். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் விட்டுவிட்டேன். பதறுகிறவன் எதனால் பதறுகிறான் என்று யாராவது தேடிப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. எல்லாருக்கும் ஒரே மூச்சுப் பயிற்சியைக் கொடுத்துவிட்டால் ஆயிற்றா? நான் ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கிறேன். அப்போது நான் ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். எனக்கு எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, ஆற்றங்கரைச் சாலையில் இருக்கிறது. தாத்தா காலம்வரை எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் வயலில் இறங்கிய ஆட்கள். அப்பா கொஞ்சம் படித்து, கூட்டுறவு சொசைட்டியில் உர மூட்டை எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனார். தன் தம்பி சேற்றில் இறங்கக்கூடாது என்று அவரை மெயின் ரோட்டு வெல்டிங் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அப்பாதான். அந்தத் தம்பிதான் என் சித்தப்பா. சேற்றில் இறங்கக்கூடாது என்று அனுப்பியவருக்குக் கடைசியில் சேறு அப்பிய இரும்புதான் வேலையாக வந்தது. சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டுவார்களே கேஜ் வீல், அந்த இரும்புச் சக்கரத்தில் பட்டை விட்டுப்போனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சித்தப்பாவைத் தேடித்தான் வருவார்கள். குறுவை நடவு சமயத்தில் பட்டறை வாசலில் ஈரம் காயாத சக்கரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். டிராக்டர்காரர்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று தலைமேல் நின்று கத்துவார்கள். சித்தப்பா பாட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருப்பார்.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கூச்சல் அவரை ஒன்றும் செய்யாது.

அந்த வருஷம் ஆனி பிறந்தும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. மணல்தான் கிடந்தது. பையன்கள் ஆற்றின் நடுவே ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். போர் போட்டிருந்த ஒன்றிரண்டு பேர் வயலில் மட்டும் பச்சை தெரிந்தது. உழவு இல்லை, அதனால் உடைகிற சக்கரமும் இல்லை. பட்டறை முதலாளி வெல்டிங் மிஷின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வாசலில் உட்கார்ந்து பேப்பரில் வருகிற தண்ணீர்ச் செய்தியைச் சத்தம்போட்டுப் படிப்பார்.

ஊரில் வேறொரு காற்றும் அடித்துக்கொண்டிருந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைத்தெருவில் மஞ்சள் போர்டு போட்டு எஸ்.டி.டி. பூத் வந்தது அப்போதுதான். வெளிநாடு போய்வந்த வீட்டில் ரெண்டு ஸ்பீக்கர் வைத்த டேப் பாடும். அவர்கள் துவைத்துப் போட்ட கைலியில்கூட சென்ட் மணக்கும். எங்கள் தெருவிலேயே கொத்தனார் ஒருத்தர் துபாய் போய், வீட்டைக் கூரையிலிருந்து காங்கிரீட்டுக்கு மாற்றிவிட்டார். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சித்தி மாசமாக இருந்தாள். பட்டறை மூடிக் கிடந்தால் அவர் திருப்பூர் போய் பனியன் கம்பெனியில் ஹெல்பராகத்தான் நிற்க வேண்டும். கற்ற தொழில் கையைவிட்டுப் போய்விடும். வெளிநாடு ஒன்றுதான் வழி என்று வீட்டில் எல்லாருக்கும் தோன்றிவிட்டது.

போவதற்குப் பரீட்சை உண்டு. ஆள் எடுக்கிற கம்பெனிக்காரர்கள் திருச்சிக்கு வந்து ஒரு ஷெட்டில் நடத்துவார்கள். ரெண்டு இரும்புத் துண்டைக் கொடுத்து ஒட்டச் சொல்வார்கள். ஒட்டியதை மிஷினில் வைத்து வளைப்பார்கள். விரிசல் விடாவிட்டால் விமானம், விட்டால் ஊருக்குப் பஸ்.

சித்தப்பா ரெண்டு தடவை பஸ்ஸில் வந்து இறங்கினார். முதல் தடவை வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லையாம். பட்டறைக்கு வந்து ஒரு வாரம் ஆன பையனுக்குத்தான் அப்படி ஒட்டும். ரெண்டாம் தடவை தகட்டில் ஓட்டையே விழுந்துவிட்டது. ரெண்டு தடவையும் அப்பா சொசைட்டியில் லீவு போட்டு, தைரியம் சொல்லக் கூடவே போயிருந்தார்.

ரெண்டாம் தடவை திரும்பி வந்தபோது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டும் வீட்டுக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே பேசினார்.

"இன்னும் ஒரு தடவ பேரு குடுக்குறேன். இதுவும் போச்சுன்னா என்னைக் கேக்காதீங்க. இந்த ஆளு வேலக்காரன்னு நான்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். கம்பெனிக்காரன் என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறான்."

"தொழில் தெரியாதவன்னு நினைக்காதீங்க," என்றார் அப்பா. "அங்க போனா கை பதறிப் போவுது, அவ்வளவுதான்."

"அங்க போனாத்தானே பாக்கப் போறான் கம்பெனிக்காரன்? பட்டறைல பதறலன்னா எனக்கென்ன?"

அன்று ராத்திரி சித்தப்பா சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பித்தது. உடம்புச் சூடுதான் கையை ஆட்டுகிறது என்பது சித்தியின் முடிவு. வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கக் கொடுத்தாள். சனிக்கிழமை தவறாமல் தலையில் நல்லெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் குளிக்கவைத்தாள். பாவம், சித்தப்பா குளிர்ச்சி தாங்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தார். அம்மா கண்திருஷ்டி என்றாள். துபாய் கொத்தனார் பெண்டாட்டி பார்த்த பார்வை சரியில்லையாம். மந்திரித்த கயிறு ஒன்று சித்தப்பா கையில் ஏறியது. பட்டறை முதலாளி அவரைத் தனியே கூப்பிட்டு, "லேசாப் போட்டுக்கிட்டுப் போ. கை நிக்கும்" என்றார். அதை மட்டும் சித்தப்பா செய்யவில்லை.

அப்பாவின் முடிவுதான் பெரிசு. திருச்சியில் சட்டை கசங்காத அதிகாரி ஒருத்தர் பின்னால் நின்று முறைத்துப் பார்க்கிறாராம். அது சித்தப்பாவுக்குப் பழக்கமில்லை. மாட்டுப் பொங்கலுக்கு முன்னாடி கன்றுக்குக் கொட்டுச் சத்தத்தைப் பழக்குகிற மாதிரி, முறைப்பைப் பழக்கிவிட்டால் சரியாகிவிடும் என்றார். யாரை வைத்துப் பழக்குவது? வீட்டிலேயே கண் கொட்டாமல் முறைக்கிற திறமை எனக்குத்தான் இருந்தது. அதற்காக எத்தனையோ தடவை அடி வாங்கியிருக்கிறேன். முதல் தடவையாக அந்தத் திறமைக்கு வேலை கிடைத்தது.

இப்படித்தான் நான் பரீட்சை அதிகாரி ஆனேன். அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கையில் அவருடைய கடிகாரம். அது முழங்கைவரை போய் நின்றுகொண்டது. பட்டறையில் சாக்கை எடுத்துவிட்டு மிஷினை ஓட்ட முதலாளி சம்மதித்தார். பழைய துண்டு இரும்பை எல்லாம் பொறுக்கிப் போட்டார்கள். சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் முக்காலியில் உட்கார வேண்டும், சித்தப்பா ஒட்ட வேண்டும், நான் முறைக்க வேண்டும். வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்பதால் முகத்துக்கு முன்னால் பிடிக்கிற கருப்புக் கண்ணாடி ஷீல்டு ஒன்றை எனக்கும் கொடுத்தார்கள். அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தால் உலகமே கிடையாது. இருட்டுக்குள் பச்சையாக ஒரு சின்னப் பொறி, அதன் அடியில் இரும்பு வெல்லப்பாகு மாதிரி உருகி நகரும். எரிந்த ராடின் வாசனை தொண்டையில் புளிப்பாக நிற்கும். அந்த ஷீல்டு எங்கே போயிற்றோ. யாரிடமாவது இருந்தால் இப்போதுகூட விலைக்கு வாங்கிக்கொள்வேன்.

ஷீல்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு எப்படி முறைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பதவி போய்விடுமே.

முறைப்பு தெரியாததால் நான் வாயை உபயோகித்தேன். "நோ குட், நோ குட்" என்பேன். அப்பா சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் அது. சித்தப்பா ஷீல்டுக்குள்ளிருந்தே, "துரை இன்னைக்கு என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்பார். கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஊருக்கு வேலை இல்லாத காலம் அது. ரெண்டே நாளில் கூட்டம் சேர்ந்துவிட்டது. உழவு இல்லாத டிராக்டர்காரர்கள், கிரிக்கெட் அலுத்துப்போன பையன்கள், பேப்பர் படித்து முடித்தவர்கள் எல்லாரும் வந்து நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம். கூட்டம் பெருகப் பெருகப் பழக்கம் நன்றாக ஏறும் என்று நினைத்தார். "நல்லாக் கத்துங்கப்பா," என்று காலையில் சொசைட்டிக்குப் போகிற வழியிலேயே அவர்களை ஏற்றிவிட்டுப் போவார். வேலை முடிந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து நிற்பார். பேசவே மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பார்.

எனக்கு வேலை அலுத்துப்போனது அந்த வாரத்தில்தான். முறைத்தாலும் கத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லையே. சும்மா இருந்த நேரத்தில் ஒட்டி முடித்த துண்டுகளை எடுத்துத் தடவிப் பார்க்க ஆரம்பித்தேன். மேலே படிகிற கருப்புக் கசடைச் சுத்தியலால் தட்டினால் பொருக்காக உதிரும். உள்ளே ஒட்டு பளபளவென்று, மீன் செதில் அடுக்கின மாதிரி இருக்கும். ஒவ்வொரு செதிலும் ஒரே அகலம். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் ஒரே சீராகப் போகும். அப்படி ஓட்டும்போது ஒரு துண்டில் விரல் தட்டியது. ஓர் இடத்தில் செதில் தடித்து, ஒரு பக்கமாகச் சரிந்து, பக்கத்தில் இரும்புப் பொட்டுகள் தெறித்திருந்தன. அதைத் தாண்டி மறுபடியும் சீராகப் போயிருந்தது.

கை ஆடிய இடம் அதுதான். எனக்கு ஒரே ஆச்சரியம். ஒட்டு இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனையில் முடிகிறது. அப்படியென்றால் அந்தத் தடிப்பு, முக்கால்வாசி முடிந்த சமயத்தில் விழுந்திருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் பட்டறையில் என்ன நடந்தது? சுவரோரம் நாள்வாரியாக அடுக்கிக் கிடந்த மற்ற துண்டுகளையும் எடுத்துத் தடவினேன். பெரும்பாலானவற்றில் ஒரு குறையும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றில் மட்டும் அப்படி ஒரு தடிப்பு இருந்தது. அது எப்போதும் அன்றைய கடைசித் துண்டாக இருந்தது.

அதற்கப்புறம் எனக்கு ராத்திரியெல்லாம் இதே நினைப்புதான். எதையாவது செய்து அந்தத் தடிப்பை வரவழைத்துப் பார்த்துவிட வேண்டும். சித்தப்பா ஒட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து இரும்புத் தகட்டைக் கீழே போட்டேன். முதலாளிதான் குதித்தார். ஒட்டு சீராக இருந்தது. "பாம்பு" என்றேன். பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ரோட்டுக்கு ஓடியது. "போவட்டும் விடு, அது பாட்டுக்குப் போவும்" என்றார் சித்தப்பா. ஒட்டு சீராக இருந்தது. சித்தியைக் கூட்டிவந்து நிறுத்தினேன். அவள் புகையில் இருமினாள். ஒரு செதில் லேசாக அகன்றது, அவ்வளவுதான். ஆட்டுக்குட்டியைக்கூட உள்ளே விட்டேன். அது கசடை நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அப்பா வருகிற நேரத்தில்தான் தடிப்பு விழுகிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அப்பாதான் பேசவே மாட்டாரே. ஷீல்டு மூடியிருக்கிற சித்தப்பாவுக்கு அவர் வந்தது எப்படித் தெரியும்? மறுநாள் நான் ஒட்டைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். அந்தக் கனத்த சைக்கிளைக் காலால் இழுத்து ஸ்டாண்டு போட்டார். 'டக்' என்று சத்தம் வந்தது. எனக்குப் பின்னால் மிஷினின் உறுமல் ஒரு கணம் மாறி, மறுபடியும் பழையபடி ஓடியது.

ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று எங்கள் சயின்ஸ் டீச்சர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கொஞ்ச தூரம் போனதும் குரங்குப் பெடல் போட்டு, பட்டறைக்குப் போனேன். சித்தப்பா தனியாக ஒட்டிக்கொண்டிருந்தார். கூட்டமே இல்லை. வாசலில் சைக்கிளை நிறுத்தி, முழு பலத்தையும் போட்டு ஸ்டாண்டை இழுத்தேன்.

டக்.

ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. சித்தப்பா அதைப் பிடித்து ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார். அப்புறம் ஷீல்டை இறக்கி வாசலைப் பார்த்தார். அங்கே அப்பா இல்லை, நான்தான் நின்றேன். சித்தப்பா முகத்தில் வியர்வை வழிந்தது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். "அப்பா வந்தாத்தான் சித்தப்பா உங்களுக்குக் கை ஆடுது."

"அறைஞ்சேன்னா பல்லு போயிடும்," என்றார்.

என்னிடம் அவர் அப்படிப் பேசினதே இல்லை. நான் அழவில்லை. அவர் அறைய மாட்டார் என்று எனக்குத் தெரியும். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்ட ராடைத் தட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அந்தக் கம்பெனிக்காரன் யாரு பாப்பா எனக்கு? புடிச்சா எடுப்பான், புடிக்கலன்னா போடாம்பான். அதோட போச்சு. உங்கப்பா அப்படி இல்ல. திருச்சில கம்பிவேலிக்கு வெளிய நிப்பாரு. நான் சரியா செய்யலன்னா திட்டக்கூட மாட்டாரு. தோள்ல கையப் போட்டு, 'விடுடா, அடுத்த தடவ பாத்துக்கலாம்'பாரு. டீ வாங்கிக் குடுப்பாரு. அந்த டீய நெனச்சாத்தான் எனக்குக் கை உதறுது."

"அப்ப வர வேணாம்னு சொல்லிடுங்க."

"யாரு சொல்றது? நீ சொல்றியா?"

நான் சொல்லியிருப்பேன். அந்த வயசில் எனக்குச் சொல்லக்கூடாதது என்று ஒன்று கிடையாது. முதலில் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை அப்படியே தண்ணீரில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள். திருஷ்டி, கயிறு எதையும் பேசவில்லை.

"இத உங்கப்பாகிட்ட சொல்லிடாத. தம்பிக்கு நம்மளாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு."

"அப்ப சித்தப்பா?"

அம்மா களைந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். "பரீட்சைக்கு நீயும் கூடப் போ," என்றாள். "நான் உங்கப்பாகிட்ட சொல்றேன், நீ வந்தா ராசின்னு."

என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் விளங்கிவிட்டது. எப்படிச் செய்வது என்பதுதான் விளங்கவில்லை.

பரீட்சை அன்று காலையில், திருவையாற்றில் கல்லணை வழியாகத் திருச்சி போகிற பஸ் ஏறினோம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு சீட்டில், நான் நடுவில். வழியெல்லாம் அப்பா மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். "பயப்படாத. நான் அங்கதான் நிப்பேன். திரும்பிப் பாத்தா நான் தெரிவேன்." சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் "சரிண்ணே" என்றார். கல்லணையில் மதகெல்லாம் மூடிக் கிடந்தது. சித்தப்பா ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஷெட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தது. உள்ளே வரிசையாக ஆட்கள் நின்றார்கள். வேலிக்கு வெளியே அவர்களுடைய அண்ணன், மாமனார், மச்சான் என்று ஒரு கூட்டம் நின்றது. சட்டை கசங்காத அதிகாரியையும் பார்த்தேன். அவர் யாரையும் முறைக்கவில்லை. வெயில் தாங்காமல் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் போய் நின்றார். சித்தப்பாவின் முறை வந்தது. ராடு மாட்டிய ஹோல்டரைக் கையில் எடுத்தவர், வேலிப்பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு ஷீல்டைத் தூக்கினார்.

"அப்பா, எனக்குத் தலை சுத்துது."

அப்பா குனிந்து என்னைப் பார்த்தார். திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தார். "ஒரே நிமிஷம்டா கண்ணு. இந்தா, புடிச்சுக்க."

நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தேன். நடிப்பு என்று தெரிந்துவிடக்கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டதில் எனக்கு நிஜமாகவே வியர்த்துவிட்டது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தூக்குகிற வயசு இல்லை எனக்கு. ரோட்டைக் கடந்து, ஷெட் தெரியாத ஒரு பெட்டிக்கடைக்கு ஓடினார்.

சோடா உடைத்துக் கொடுத்தார். ஷெட் பக்கம் பார்த்துக்கொண்டே கிளாஸை நீட்டியதில் பாதி என் சட்டையில் கொட்டியது. "இப்ப எப்படி இருக்கு?" என்றார். இன்னும் சுற்றுகிறது என்றேன். எழுந்து ரோட்டுவரை போனார், திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். "கடைக்காரர்கிட்ட இருக்கியா? ஓடிப்போய் ஒரு பார்வை பாத்துட்டு வந்துர்றேன்."

"பயமா இருக்குப்பா."

உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒங்க சித்தப்பா அப்ப சின்னப் பய. நடவு நடக்குது. எங்கம்மா வயல்ல எறங்குறப்ப, தம்பியப் பாத்துக்கடான்னு என்கிட்ட விட்டுட்டுப் போச்சு. நான் வரப்புல நண்டு வளைய நோண்டிக்கிட்டு நின்னேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணும். வாய்க்கால்ல தண்ணி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போவுது. மதகுகிட்ட தலைமுடி மட்டும் தெரிஞ்சுது. முடியப் புடிச்சு இழுத்துப் போட்டேன். மூச்சு வர அவ்வளவு நேரம் ஆச்சு." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அதுலேருந்து அவன் எது செஞ்சாலும் நான் பாத்துக்கிட்டே இருக்கணும் பாப்பா. பாக்காத நேரத்துல என்னமோ ஆயிடும்னு இருக்கு."

போங்கப்பா, போய் நில்லுங்க என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. இவரைப் பிடித்து வைப்பது பாவம் என்று தோன்றியது. போய் நின்றால் அங்கே ஒட்டு கெட்டுவிடும் என்பதும் தெரிந்தது. சித்தி முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஷெட் பக்கமிருந்து மிஷின் உறுமுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அது சித்தப்பாவுடையதா என்று தெரியவில்லை. குரல் மாறாமல், "இன்னொரு சோடா வேணும்ப்பா" என்றேன். அந்த வகுப்பெடுத்த பையன் சொன்ன மூச்செல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பெஞ்சின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ரெண்டாவது சோடாவை நான் தொடவில்லை. ரோட்டைக் கடந்து சித்தப்பா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பா எழுந்து நின்றார்.

"எடுத்துக்கிட்டாங்கண்ணே. வளைச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் ஆவல."

அப்பா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு வாங்கிய சோடாவை எடுத்துக் குடித்தார். கொஞ்சம் அடங்கியதும் அப்பா கேட்டார்.

"நிப்பேன்னு சொல்லிட்டு நிக்காம வந்துட்டேனேடா. பாப்பாவுக்கு முடியாமப் போச்சு. நான் இல்லன்னு பயந்துட்டியா?"

சித்தப்பா கிளாஸைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஆமாண்ணே. திரும்பிப் பாத்தேன், உங்களக் காணும். ஒரு நிமிஷம் கையே ஓடல. நீங்க சொன்னதெல்லாம் நெனச்சுக்கிட்டு செஞ்சேன்."

அப்பா முகம் தெளிந்தது. தம்பி தோளில் கையைப் போட்டார். "மெடிக்கல் டெஸ்டுக்கு வேற போவணும்ல. அன்னைக்கு நான் பக்கத்துலயே நிக்கிறேன். நீ பயப்படாத."

"சரிண்ணே," என்றார் சித்தப்பா.

இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பேர் நெருக்கடியில் பேசிப் பார்த்துவிட்டேன். அவ்வளவு பதறாமல் ஒரு மனுஷன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, ஓவென்று அழுதுவிட்டேன். தலை சுற்றல் இன்னும் விடவில்லை என்று அப்பா பயந்துபோய், பஸ் வருகிறவரை என் நெற்றியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.